அடுத்தாள் இல்லாமல் கடை நடக்காது: பூச்சிகொல்லி நஞ்சையும் அதன் துணைப் புரதத்தையும் சோதிக்க முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் கழித்து, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு வீட்டின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூலையில் ஆட்டுக்கல் இருக்கும். மாவரைக்க ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருக்கும். குழவியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, குழியை வானம் பார்க்க விட்டிருப்பார்கள். அதில் இரண்டு செம்புத் தண்ணீர் நிற்கும். நாம் குனிந்து நம் நிழல் பட்டதும் கூத்தாடிப்புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கும். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து, வால்பக்க மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும்.

இந்தப் புழுக்களைக் கொல்ல உலகெங்கும் தெளிக்கப்படும் பாக்டீரியாவின் பெயர் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். சுருக்கமாக பி.டி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இந்த பாக்டீரியா எப்படிக் கொல்கிறது என்று கேட்டால் எந்த உயிரியல் மாணவரும் சொல்லிவிடுவார்: புரதப் படிகம், புழுவின் காரக் குடலில் கரைகிறது, குடல் செல்லில் துளை போடுகிறது. அந்த நஞ்சைச் சமைக்கும் பாக்டீரியா தான் சாகாமல் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பறை அமைதியாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்விக்கானது. முதுகலை ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் காரைக்குடிப் பக்கத்து மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மேலாளும் அடுத்தாளும்

பர்மாவில் நகரத்தார் கடைகள் நடந்த காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்கு அடுத்தாள் என்றே பெயர். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கடைப் பெயரான விலாசத்தில் அடுத்தாளின் பெயர் வராது. ஆனால் அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

பி.டி.ஐ. செல்லுக்குள் மேலாட்கள் கிரை 4ஏஏ, கிரை 4பிஏ, கிரை 11ஏஏ, சைட் 1ஏஏ ஆகிய நஞ்சுகள். இவற்றின் மரபணுக்கள் ஏறத்தாழ 1,28,000 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்து இணைகள்) கொண்ட ஒரே பிளாஸ்மிட்டில், அதாவது தனியாக நிற்கும் டி.என்.ஏ. வளையத்தில், இருக்கின்றன. அதன் முழு வரிசை 2002இல் வெளியானது. அதே பிளாஸ்மிட்டில் பி19, மேலாள் கிரை 11ஏஏ, பி20 என்ற மூன்றும் ஒரே வரிசையாக, ஒரே ஓபரானாக (சேர்ந்தே இயங்கும் மரபணுக் கூட்டமாக) அமர்ந்திருக்கின்றன. இதில் அடுத்தாள், அதாவது துணைப் புரதம், பி20. அது 20 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ள சிறு புரதம். அது எந்தப் புழுவையும் கொல்லாது. ஆனால் அது இல்லாமல் 27 கிலோடால்டன் எடையுள்ள சைட் 1ஏஏ-யை, ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் செல்லில் உற்பத்தி செய்ய முயன்றவர்களுக்கு மிகச் சொற்பப் புரதமே கிடைத்தது. செல்களும் சோர்ந்து செத்தன. 1980களின் இறுதியில் இது தெளிவாயிற்று.

ஏன் என்று யோசித்தால் வியப்பில்லை. சைட் 1ஏஏ சவ்வைக் குலைக்கும் புரதம். அது பிறந்த வீடும் சவ்வால் சூழப்பட்டதுதான்.

முதல் படி: எந்தச் செல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் 'ஓம்புயிர்ச் செல்' என்று எழுதுவார்கள். அது நஞ்சைத் தயாரிக்கும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம், நஞ்சு தாக்கும் கொசுவின் குடல் செல்லாகவும் இருக்கலாம். இரண்டிலும் 'துணைப் புரதம்' என்ற சொல் வரும், இரண்டும் வேறு வேறு வேலை.

குடல் செல்லில் துணை நிற்பது சைட் 1ஏஏ-தான். அது சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு கிரை 11ஏஏ-க்குப் பிடிமானமாக நிற்கிறது என்று 2005இல் காட்டினார்கள். சைட் 1ஏஏ-யும் சேர்ந்திருக்கும்போது கொசுக்களில் எதிர்ப்புத்திறன் மிக மெதுவாகவே வளர்கிறது என்பது 1997லேயே ஆய்வகக் கியூலெக்ஸ் கொசுக்களில் தெரிந்துவிட்டது. இது தனிக் கதை. தயாரிக்கும் செல்லில் நடக்கும் துணைதான் நம் விஷயம். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் பல கேள்விகள் மிச்சமாகும்.

இரண்டாம் படி: ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு நான் சொல்வது சைட் 1ஏஏ, பி20 ஜோடி. விளைவு பெரியது, கண்ணுக்கே தெரியும். கிரை 11ஏஏ-யோடு பி20 என்பது இரண்டாவது தேர்வு. கொசுப்புழுச் சோதனைக்கு அது வசதி, ஏனெனில் சைட் 1ஏஏ தனியே புழுவைக் கொல்வதில் மந்தமானது.

மூன்றாவது ஜோடி கொஞ்சம் வேறு ரகம். கிரை 2ஏஏ ஓபரானில் மூன்று மரபணுக்கள்; நஞ்சு கடைசியில் வருகிறது. நடுவில் உள்ள 29 கிலோடால்டன் புரதத்தில் 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். அது இல்லாவிட்டால் பாசில்லஸ் செல்லில் நஞ்சு ஒழுங்கான படிகமாகக் கட்டாது. பி20 காவல்காரர் என்றால் இது கொத்தனார். இந்த ஓபரானை முழுதாகப் புகையிலைப் பசுங்கணிகத்துக்குள் செலுத்தியபோது இலையின் கரையும் புரதத்தில் 45 சதவீதம் வரை நஞ்சாகவே சேர்ந்தது, அதுவும் படிகங்களாக. 2001இல் வெளியான இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது நான் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மூன்றாம் படி: பிளாஸ்மிட்டுகள்

நான்கு குழாய்கள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்: வெற்றுப் பிளாஸ்மிட், நஞ்சு மட்டும், துணை மட்டும், இரண்டும் சேர்ந்து. போதாது. ஐந்தாவது ஒன்று வேண்டும், அதுதான் ஆய்வையே காப்பாற்றும். துணை மரபணுவை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தொடக்கக் குறியீட்டை அடுத்து நிறுத்தக் குறியீடுகள் இரண்டைச் செருகிய வடிவம். டி.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய அதே, ஆர்.என்.ஏ.வும் வரும், புரதம் மட்டும் வராது.

எதற்கு இந்தச் சிரமம்? ஓபரானில் நஞ்சுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு துண்டைச் சேர்த்தாலே தூது ஆர்.என்.ஏ. நீளமாகிறது, அதன் ஆயுள் மாறுகிறது, நஞ்சின் அளவும் மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு பி20 புரதம் காரணமே அல்ல. ஐந்தாவது குழாய் இல்லாமல் 'பி20 பத்து மடங்கு உயர்த்தியது' என்று எழுதினால், உயர்த்தியது யார் என்பதை நீங்கள் நிரூபிக்கவில்லை என்று பொருள்.

இந்தக் கட்டுப்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பு (ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்வது) நின்றுவிட்டால் சில ஓபரான்களில் பின்னால் உள்ள மரபணுவின் மொழிபெயர்ப்பும் குன்றும். ஆகவே துணையைத் தனிப் பிளாஸ்மிட்டில் வைத்தும் ஒரு முறை செய்யுங்கள். நஞ்சு பி.இ.டி. வகைப் பிளாஸ்மிட்டில் இருந்தால், துணை பி.ஏ.சி.ஒய்.சி. வகையில் இருக்கட்டும். இரண்டின் பெருக்கத் தொடக்கமும் வேறு என்பதால் ஒரே செல்லில் சண்டையில்லாமல் இருக்கும். பி20 தனிப் பிளாஸ்மிட்டிலிருந்தும் வேலை செய்யும்.

இது மரபணு மாற்றப்பட்ட உயிரி என்பதால், வேலை தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி இது கட்டாயம். கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைக் கால அட்டவணையில் முதலிலேயே எழுதிவையுங்கள்.

நான்காம் படி: செல் பிழைக்கிறதா?

புரதத்தை அளக்கும் முன் உயிரை அளக்க வேண்டும். ஐந்து வகைச் செல்களையும் 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்வு 0.5 வந்ததும், மரபணுவைத் தூண்டிவிடும் ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருளைச் சேருங்கள். பூஜ்யம், 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு அளவீடுகள்: ஒளியடர்வு ஒன்று, தட்டில் பரப்பி எண்ணும் காலனிகள் இன்னொன்று. ஒளியடர்வை மட்டும் நம்பாதீர்கள். செத்த செல்லும் ஒளியைத் தடுக்கும்.

தட்டு எண்ணிக்கையில் பி20-யின் கைவண்ணம் தெரியும். சைட் 1ஏஏ மட்டும் உள்ள குழாயில் காலனிகள் சரிந்து போகும். பி20 சேர்ந்ததில் அந்தச் சரிவு வெகுவாகக் குறைந்திருக்கும். ஒளிர் நுண்ணோக்கி கிடைத்தால் டி.என்.ஏ. சாயம் போட்டுப் பாருங்கள். சைட் 1ஏஏ தாக்கிய ஈ. கோலையில் மரபுப்பொருள், செல் முழுதும் பரவி நிற்காமல் நடுவில் சுருண்டு உருண்டையாகக் கிடக்கும்.

ஒரு சிறு கைப்பக்குவம். தூண்டும் முன்பே நஞ்சு கசிந்தால் செல்கள் பிளாஸ்மிட்டைக் கைவிட்டுவிடும். முன்வளர்ப்பு ஊடகத்தில் 1 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தால் கசிவு அடங்கும். எதற்கும் ஆன்டிபயாட்டிக் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பி ஒப்பிடுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் உங்கள் 'தப்பிப் பிழைத்த' செல்களில் பாதி நஞ்சே இல்லாதவை.

ஐந்தாம் படி: புரதம் எவ்வளவு, எங்கே

செல்லை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிவையும் அடிவண்டலையும் தனித்தனியே, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டுங்கள். 20, 27 கிலோடால்டன் பட்டைகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழும் என்பதால் 15 சதவீத ஜெல் நல்லது. மொத்தப் புரதத்தை மட்டும் ஓட்டுவது பலர் செய்யும் தவறு. துணைப் புரதம் நஞ்சின் அளவை மட்டுமல்ல, இருப்பிடத்தையும் மாற்றலாம். தெளிவில் திரிந்தது படிகமாக வண்டலில் அடங்குவதே பாதுகாப்பின் ஒரு வழி.

நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அந்தப் புரதத்தை மட்டும் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை செய்யுங்கள். இல்லாவிட்டால் அடையாளத்துக்காக நஞ்சோடு ஆறு ஹிஸ்டிடின் வாலைச் சேர்க்கலாம், ஆனால் வால் மடிப்பைக் கெடுக்கவில்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில் ஏறும்.

ஆறாம் படி: எந்த இடத்தில் கை வைக்கிறது?

புரதம் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கூடியது எதனால் என்பதற்கு இரண்டு சோதனைகள்.

முதலாவது ஆர்.என்.ஏ. அளவு. டி.என்.ஏ.வை நொதியால் அழித்துவிட்டு, 16எஸ் மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்து நஞ்சின் தூது ஆர்.என்.ஏ.வை அளவிடுங்கள். பி20 இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், துணை வேலை செய்வது படியெடுப்புக்கு (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதற்கு) பிந்தைய கட்டத்தில். பழைய ஆய்வுகளும் அதையே சொன்னன.

இரண்டாவது புரதத்தின் ஆயுள். தூண்டி ஒரு மணி நேரம் கழித்துப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு, இருக்கும் நஞ்சு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்த எல்லோரும் கை நீட்டுவது குளோராம்ஃபெனிகால். சற்றுப் பொறுங்கள். துணையை பி.ஏ.சி.ஒய்.சி. பிளாஸ்மிட்டில் வைத்திருந்தால், அதிலேயே குளோராம்ஃபெனிகால் எதிர்ப்பு மரபணு இருக்கும். செல் நிற்காது, புரதம் கூடிக்கொண்டே போகும், நீங்கள் 'பி20 அழிவை முற்றிலும் தடுக்கிறது' என்று மகிழ்ந்து எழுதுவீர்கள். ஸ்பெக்டினோமைசின் பயன்படுத்துங்கள்.

புரதச் சிதைவு இயந்திரம் குன்றிய சில ஈ. கோலை வகைகளில், பி20 இல்லாமலேயே சைட் புரதம் தங்கியது என்று 1991இல் காட்டியிருக்கிறார்கள். அடுத்தாளின் வேலை இங்கே வெளிச்சமாகிறது: பிறந்த நஞ்சைப் பற்றிக்கொண்டு, புரதம் தின்னும் நொதிகளிடமிருந்து மறைப்பது, அதே பிடியில் செல்லின் சவ்விலிருந்தும் விலக்கி வைப்பது. உங்களிடம் அத்தகைய வகைச் செல் இருந்தால் ஆறாவது குழாயாகச் சேருங்கள். ஒரு வாரம் கூடுதல் உழைப்பு, ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு.

ஏழாம் படி: சொந்த வீட்டில் ஒரு முறை

ஈ. கோலை விருந்தாளி வீடு. கிடைத்த முடிவை பாசில்லஸ் செல்லிலும் பார்த்துவிட்டால்தான் நிறைவு. இதற்கு 4கியூ7 என்ற வகை இருக்கிறது: பி.டி.ஐ.யிலிருந்து பிளாஸ்மிட்டுகளை நீக்கி, படிகமே செய்யாதபடி ஆக்கப்பட்டது. 1993இல் இதே செல்லில்தான், பி20 இல்லாதபோது சைட் உற்பத்தி செல்களை முடக்கியதையும், பி20 இருந்தபோது இயல்பைவிடப் பெரிய படிகங்கள் கட்டியதையும் கண்டார்கள்.

மின்துடிப்பால் பிளாஸ்மிட்டைச் செலுத்தும்போது ஒரு காலனிகூட வராமல் தலையில் கை வைத்து உட்காருவோர் நிறைய. சாதாரண ஈ. கோலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகள் இருக்கும். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் அதை அந்நியன் என்று வெட்டிவிடும். மெத்தில் குறி போடாத ஈ. கோலை வகை வழியாக ஒரு முறை கடத்தி எடுத்தால் கதவு திறக்கும்.

செல்கள் ஸ்போர் (உறங்கும் வித்து) கட்டி வெடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். ஸ்போர் பளிச்சென்று முட்டை வடிவில் தெரியும், படிகம் அதன் பக்கத்தில் மங்கலாகக் கருத்த புள்ளியாக நிற்கும்.

எட்டாம் படி: கொசுப்புழு

இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. ஆட்டுக்கல் தண்ணீரிலிருந்து புழுவை நேரே சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் எந்த இனம், எந்த வயது, ஏற்கெனவே என்ன நோய் என்று தெரியாது. அவற்றை வளர்த்து, கொசுவாக்கி, இனம் பார்த்து, அவற்றின் முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையைப் பயன்படுத்துங்கள். உணவு நாய் பிஸ்கட் தூளும் ஈஸ்ட்டும். சிட்டிகைக்கு மேல் போட்டால் தண்ணீர் அழுகிவிடும். சித்திரை வெயிலில் அறை வெப்பம் 27 டிகிரியைத் தாண்டாமல் பார்ப்பது ஒரு தனிப் போராட்டம்.

ஒரு கிண்ணத்துக்கு மூன்றாம் பருவத்தின் இறுதியிலோ நான்காம் பருவத் தொடக்கத்திலோ உள்ள 25 புழுக்கள். நஞ்சு வளர்ப்பின் ஒவ்வொரு நீர்த்தலுக்கும் குறைந்தது மூன்று கிண்ணம். 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். ஊசியால் தொட்டாலும் அசையாதது செத்தது.

என் முதல் சோதனையைச் சொல்கிறேன். எல்லாக் கிண்ணங்களிலும் புழுக்கள் செத்துக் கிடந்தன. அழகான சாவு விகிதம். மாலையில்தான் கட்டுப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்தேன். நஞ்சே விடாத அதிலும் பாதி செத்திருந்தது. காலையில் குழாயில் வந்த தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றியிருந்தேன். குளோரின் வாடை அப்போதும் லேசாக இருந்தது. அன்றிலிருந்து அயனி நீக்கிய நீர்தான், அதுவும் இரவே பிடித்து மூடாமல் வைத்தது.

கட்டுப்பாட்டில் 5 முதல் 20 சதவீதம் வரை சாவு இருந்தால் அபோட் சூத்திரத்தால் திருத்த வேண்டும். நஞ்சுக் கிண்ணத்தில் 60, கட்டுப்பாட்டில் 10 என்றால், 60இலிருந்து 10 போக 50. அதை 90ஆல் வகுத்தால் 55.6 சதவீதம். 20க்கு மேல் போனால் திருத்தமெல்லாம் கிடையாது, சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எண்களை எப்படிப் படிப்பது

ஓர் உதாரணக் கணக்கு. கிரை 11ஏஏ மட்டும் உள்ள வளர்ப்பில் பாதிப் புழுக்களைக் கொல்ல 40 மைக்ரோலிட்டர் தேவைப்படுகிறது என்று வையுங்கள். பி20 சேர்ந்ததில் 4 மைக்ரோலிட்டர் போதும். பத்து மடங்கு வீரியம் என்று எழுதத் தோன்றும். ஜெல்லைப் பாருங்கள். நஞ்சின் பட்டையும் பத்து மடங்கு தடித்திருந்தால் ஒரு மைக்ரோகிராம் நஞ்சின் வீரியம் மாறவே இல்லை. பி20 செய்தது உற்பத்திக்கு உதவியது மட்டும்தான். பட்டை இரண்டு மடங்குதான் தடித்திருக்கிறது என்றால் மீதி ஐந்து மடங்குக்கு வேறு விளக்கம் தேட வேண்டும்: மடிப்பு சரியாக வந்ததா, படிகத்தில் அடைந்த நஞ்சு தண்ணீரில் மிதந்து புழுவின் வாய்க்கு நன்றாகப் போனதா என்று.

இதனால் முடிவை எப்போதும் இரண்டு அலகில் எழுதுங்கள்: வளர்ப்பின் கன அளவுக்கு ஒன்று, நஞ்சின் எடைக்கு ஒன்று. தொழிற்சாலைக்காரருக்கு முதலாவது முக்கியம், துணைப் புரதத்தின் குணம் தெரிய வேண்டியவருக்கு இரண்டாவது. 'துணை மட்டும்' உள்ள கிண்ணத்தில் சாவு கட்டுப்பாட்டை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உடைந்த ஈ. கோலையின் கழிவே புழுவை மூச்சடைக்கச் செய்கிறது, செல்களைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

எண்ணி முடித்த கிண்ணங்களைச் சாக்கடையில் ஊற்றுவதும், 'கொசுதானே சாகட்டும்' என்று பக்கத்து ஊரணியில் கொட்டுவதும் கூடாது. மரபணு மாற்றிய செல் அதில் இருக்கிறது. முழுக் கிண்ணத்தையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே போக வேண்டும். கட்டுப்பாட்டில் பிழைத்த புழுக்களையும் சேர்த்துத்தான். அவற்றைப் பரிதாபப்பட்டு விட்டுவைத்த வருடம், எங்கள் அறையில் விளக்கு போட்ட மாலையெல்லாம் ஏடிஸ் கடி.